எழுதி வையாத சொத்து



ஆங்கிலத்திலே 'எஸ்டேட்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு உண்டு. ஒன்று, மலைநாட்டிலே பிறந்த குழந்தையும் அறிந்த பொருள், அது தோட்டம். மற்றொன்று, நீதிமன்றங்களிலும் நொத்தாரிசுமாரின் அலுவலகங்களிலும் வழங்கும் பொருள். ஒருவர் கண்ணை மூடிய பின், அவர் பெயரிலே எஞ்சி நிற்கும் வீடு, காணி, நகை, பணம், வரவேண்டிய தொகை, கொடுக்கவேண்டிய கடன் ஆகிய அனைத்தையும் சேர்த்து அவருடைய 'எஸ்டேட்' என்று சட்டம் கூறுகின்றது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு ஏறும் பாதையின் இருமருங்கிலும் முதற்பொருளிலே வழங்கும் எஸ்டேட்டுகளுக்குக் குறைவில்லை. அவற்றிலே மூன்று நான்கு தலைமுறைகளாக உழைத்து வரும் மக்களிடம் இரண்டாவது பொருளைப் பற்றிக் கேட்டால், அவர்கள் சிரித்துக்கொண்டே, "எங்களிடம் என்ன சொத்து இருக்கிறது, எழுதி வைப்பதற்கு?" என்பார்கள். அந்தச் சிரிப்பிலே பணிவும் உண்டு, துயரமும் உண்டு. ஆனால் அந்த விடை உண்மையன்று. இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே. தோட்டத் தொழிலாளிக்கும் சொத்து உண்டு. அதிற் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத சொத்து. கண்ணுக்குத் தெரியாத காரணத்தினாலேயே அது உரியவர் கையை அடையாமற் போய்விடுகின்றது. எவ்வெவ்விடத்திலே அது வழிதவறுகின்றது, அதனைத் தடுக்க நாம் உயிரோடிருக்கும்போதே செய்யவேண்டுவன யாவை என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

முதலிலே, சொத்து யாது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பதினெட்டு வயதிலே செக்ரோலிற் பெயர் பதிந்து, கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு மலையேறிய பெண்ணொருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். அவள் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தாள் என்று வைத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, அவளுடைய சம்பளத்தின் ஒவ்வொரு நூறு ரூபாயிலிருந்தும் 8 ரூபாய் கழிக்கப்படுகின்றது. அதற்கு மேலாகத் தோட்ட நிர்வாகம் 12 ரூபாய் சேர்க்கவேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் மேலும் 3 ரூபாய் செலுத்தவேண்டும். ஆகவே அவள் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 23 ரூபாய் அவள் பெயரிலே வேறோரிடத்திற் சேர்ந்து, வட்டியும் பெற்று வளர்ந்து வருகின்றது.

அதுவன்றிப் பணிக்கொடையும் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமொன்றிலே ஐந்தாண்டு சேவையை நிறைவு செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் வழங்கப்படவேண்டும். அதுவும் இறுதியாகப் பெற்ற சம்பள விகிதத்தின்படி. முப்பது ஆண்டுகளுக்கு இது 420 நாட்சம்பளமாகும். தொழிலாளி இறந்துவிட்டால் இப்பணம் அழிந்துபோவதில்லை. அவருடைய உரித்தாளர்களுக்குச் சேரும். வேலைத்தலத்திலே விபத்தினால் மரணம் நேருமாயின், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்கீழ் அவரை நம்பி வாழ்ந்தோர் நட்டஈடு கோரவும் இடமுண்டு. குளவிக் கூடு கலைந்து கொழுந்து மலையிலே உயிரிழந்தோர் செய்தியை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அச்செய்தியோடு இந்த உரிமையும் நினைவுக்கு வரவேண்டும்.

இவற்றோடு வங்கியிற் போட்ட சேமிப்பு, கழுத்திலும் காதிலும் கிடக்கும் பொன், கறவை மாடு, மகன் தவணை முறையில் வாங்கிய முச்சக்கர வண்டி, மரணாதார சங்கத்திற் கட்டிவந்த சந்தா ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். "என்னிடம் ஒன்றுமில்லை" என்ற சொல் எவ்வளவு தவறானது என்பது புலனாகும்.

இனி, இச்சொத்து வழிதவறும் இடங்களுக்கு வருவோம்.

முதலாவது இடம், பெயர் குறித்தல். சேமலாப நிதியில் உறுப்பினராகும்போது, "எனக்குப் பின் இப்பணம் இன்னாரைச் சேர்க" என்று ஒருவரையோ பலரையோ நியமிக்கும் பத்திரமொன்று உண்டு. அதிலே பெயர் குறிக்கப்பட்டிருந்தால், பணம் அவர் கைக்கு எளிதிலே செல்லும். பலர் வேலைக்குச் சேரும் நாளில், மணமாகாத இளம் பருவத்தில், தந்தை பெயரையோ தமையன் பெயரையோ குறித்துவிட்டு, பின்னர் அதனை அடியோடு மறந்துவிடுகின்றனர். மணமாகின்றது, மக்கள் பிறக்கின்றனர், தந்தை இறந்தும் விடுகின்றார். ஆனால் பத்திரத்திலே பழைய பெயரே இருக்கின்றது. வேறு பலர் பெயரே குறித்திலர். ஆபிசிலே நீட்டிய தாளிலே கைநாட்டு வைத்ததோடு சரி. பெயர் குறிக்கப்படாதபோது, உரித்தாளர் தாமே என்பதை ஒவ்வொருவரும் சான்றுகளால் நிறுவவேண்டிய நிலை ஏற்படுகின்றது. அதற்கு மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். ஆகையால், திருமணம், பிள்ளைப்பேறு, மரணம், மணவிலக்கு ஆகிய நான்கில் எது குடும்பத்தில் நிகழ்ந்தாலும், நியமனப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துப் புதுப்பித்தல் வேண்டும். வங்கிச் சேமிப்புக் கணக்குக்கும் இவ்வாறே பெயர் குறிக்கலாம் என்பதைப் பலர் அறியார்.

இதனோடு இணைந்த மற்றொரு செய்தி. ஒருவர் ஒரே கணக்கில் வாழ்நாள் முழுவதும் பணம் சேர்த்திருப்பார் என்று எண்ணுதல் கூடாது. வேலை கொடுப்பவர் மாறினால் நிதி இலக்கமும் மாறும். பொகவந்தலாவையில் ஐந்தாண்டு, கொழும்பிலே கடையொன்றில் நாலாண்டு, பின்னர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறாண்டு என்று உழைத்த இளைஞனுக்கு மூன்று கணக்குகள் இருக்கலாம். தோட்டங்களே கைமாறியதும் உண்டு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்மாற்றங்களின் ஊடே வேலை செய்த முதியோர், தம் பழைய இலக்கங்களையும் எழுதி வைத்தல் நன்று. சில தோட்டங்களிலே தொழிலாளரின் சேமலாபக் கணக்கு பொதுநிதியில் அல்லாமல், அங்கீகாரம் பெற்ற தனிச் சங்கங்களில் இருப்பதும் உண்டு. எந்த நிதி, எந்த இலக்கம் என்பன தெரியாத விதவை, எந்தக் கதவைத் தட்டுவாள்?

இரண்டாவது இடம், பெயரின் எழுத்து. இது சிறு செய்திபோலத் தோன்றும். ஆனால் மலைநாட்டிலே மிகப் பெரிய இடையூறு இதுவேயாகும். ஒரே தாய், பிறப்புப் பதிவிலே மாரியாயி, செக்ரோலிலே மாரியம்மா, அடையாள அட்டையிலே மாரியாய், மகனின் பிறப்புச் சான்றிதழிலே மாரி. தமிழிலே அழைத்த பெயரை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒருவர் செவிவழி எழுதினார். அதனை மற்றொருவர் மீண்டும் தமிழாக்கினார். தந்தையின் பெயர் முன்னே வருவதா பின்னே வருவதா என்பதிலும் குழப்பம். உயிரோடிருக்கும் மாரியாயி, "இவள் எல்லாம் நானே" என்று நேரே சென்று சொல்ல முடியும். சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கவும் முடியும். அவள் இறந்தபின் அந்நான்கு பெயர்களும் நான்கு பெண்களாகிவிடுகின்றன. அவர்களுள் எவளுடைய மகன் வந்து நிற்கின்றான் என்று அதிகாரி வினவுகின்றார். அதிகாரியைக் குறைகூறிப் பயனில்லை. பிறர் பணத்தைப் பிறரிடம் கொடுத்துவிடக்கூடாது என்பதே அவருக்கு இடப்பட்ட கடமை. ஆகவே, பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, செக்ரோல், சேமலாப நிதிக் கணக்கறிக்கை, வங்கிப் புத்தகம் ஆகிய ஐந்தையும் ஒருநாள் பாயிலே பரப்பி வைத்து, பெயரும் பிறந்த திகதியும் ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தல் வேண்டும். ஒவ்வாதவற்றைத் திருத்துவதற்குரியவர் அப்பெயரை உடையவரே.

மூன்றாவது இடம், திருமணம். கோயிலிலே உறவினர் சூழத் தாலி கட்டிய திருமணம் திருமணமே. வழக்கப்படி நடந்த மணத்தை நம் சட்டமும் மதிக்கின்றது. ஆயினும், பதிவுச் சான்றிதழ் இல்லாதபோது, மணம் நடந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை உயிரோடிருப்பவர் தலையில் விழுகின்றது. மணம் மெய்ப்பிக்கப்படாவிடின், மனைவியின் பங்கு மட்டுமன்றித் தந்தை வழியாகப் பிள்ளைகளுக்கு வரவேண்டிய பங்கும் ஐயத்துக்குள்ளாகின்றது. சாட்சி சொல்லவேண்டிய பெரியவர்களோ காலஞ்சென்றுவிடுகின்றனர்.

இங்கே, உரித்துப் பற்றிய சட்டம் யாது என்பதையும் அறிந்துகொள்ளுதல் தகும். யாழ்ப்பாணத்திலே தேசவழமை உண்டு. கண்டிச் சிங்களவருக்குக் கண்டியர் சட்டம் உண்டு. முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம் உண்டு. மலையகத் தமிழர் இவற்றுள் எதற்கும் உட்படாமல் நாட்டின் பொதுச்சட்டத்துக்கு உட்பட்டவர்கள். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் அரைப்பங்கு கணவனுக்கோ மனைவிக்கோ சேரும். எஞ்சிய அரைப்பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படும். ஆண், பெண் என்ற வேறுபாடு அங்கில்லை. "பெண்ணுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே, இனி அவளுக்கு என்ன பங்கு?" என்று சொல்லும் அண்ணன்மார் இதனைக் கவனிப்பாராக.

மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். பிரிந்து வாழ்தல் வேறு, மணவிலக்கு வேறு. பத்தாண்டுகளுக்கு முன் மனைவியையும் மக்களையும் விட்டுச் சென்று, வேறிடத்தில் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்ட கணவன், நீதிமன்றத்திலே மணவிலக்குப் பெறாதவரையில், சட்டத்தின் கண்ணிலே கணவனே. தனியே நின்று உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த தாய் மரணசாசனம் எழுதாமல் இறப்பாளாயின், அவள் விட்டுச்செல்லும் பொருளிற் பாதிக்கு அவன் உரிமை கோரிக்கொண்டு வருதல் கூடும். இத்தகைய தாய்மார்க்கு மரணசாசனம் செல்வர்களுக்குரிய ஆடம்பரமன்று; பிள்ளைகளுக்கு இடவேண்டிய வேலியாகும்.

அப்படியாயின் மரணசாசனம் எழுதுவது எவ்வாறு? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தெளிவாகக் கூறுகின்றது. எழுத்திலே அமைந்த பத்திரத்தின் அடியில், நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடவேண்டும். நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கவேண்டும். சொத்தைப் பெறப்போகின்றவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்றல் ஆகாது; நின்றால் அவருக்குரிய பகுதி பயனற்றுப் போகும். அன்றியும், திருமணத்துக்கு முன் எழுதிய மரணசாசனத்தைத் திருமணம் செல்லாததாக்கிவிடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வாய்ச்சொல்லாக, "வீடு சின்னவனுக்கு, மாடு பெரியவளுக்கு" என்று படுக்கையிலே கிடந்து சொல்வதை உறவினர் மதிக்கலாம், சட்டம் மதியாது.

படிக்கத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். ஆனால் ஒரு விழிப்பு வேண்டும். நொத்தாரிசு, பத்திரத்தை வாசித்துக் காட்டிப் பொருளை விளக்கவேண்டியவர். தமக்கு விளங்கும் தமிழிலே அது விளக்கப்படும் வரையில், எந்தப் பத்திரத்திலும் விரல் வைக்க வேண்டா. அவசரப்படுத்துகின்றவர் யாவராயினும், அவர் சொந்த மகனாயினும், "நாளைக்கு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருவதிலே குற்றமில்லை.

பொகவந்தலாவையோடு நாட்டின் நீதி வரலாற்றுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1833இல் இலங்கையின் நீதிமன்ற அமைப்பைச் சீர்திருத்திய கோல்புறூக், கமறன் என்னும் இருவருள் சட்டப் பகுதியை ஆராய்ந்தவர் சார்ள்ஸ் ஹே கமறன். அவர் முதுமையிலே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து வாழ்ந்தார். அவருடைய மனைவியாரே புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமறன். 1879இல் அவரும் 1880இல் கணவரும் மறைந்தனர். இருவரும் பொகவந்தலாவைத் தூய மரியாள் ஆலயத்து நிலத்திலே அருகருகே உறங்குகின்றனர். இந்நாட்டு மக்கள் அனைவர்க்கும் ஒரே நீதிமன்றம் வேண்டும் என்று எழுதியவரின் கல்லறையைச் சுற்றியுள்ள மலைகளிலே, அந்நீதிமன்றத்தின் வாசலைத் தம் உரிமைக்காக மிதியாத குடும்பங்கள் இன்னும் பல உள்ளன.

எழுதி வையாமை ஏழைக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க நாட்டுத் தலைவராக இருந்த ஆபிரகாம் லிங்கன், தாமே தேர்ந்த வழக்கறிஞர். 1865இல் அவர் சுடப்பட்டு இறந்தபோது மரணசாசனம் எழுதி வைத்திருக்கவில்லை. நாளைக்கு எழுதலாம் என்ற எண்ணம் கற்றவருக்கும் உண்டு. ஆனால் செல்வர் வீட்டிலே தாமதத்தைப் பொறுக்கப் பணம் இருக்கும். லயத்திலே இருப்பவருக்கு அடுத்த மாதத்து அரிசி அந்தப் பணத்திலேதான் இருக்கின்றது.

நான்காவது இடம், வீடு. இது மிகவும் நுண்ணிய செய்தி. பொறுமையாகக் கேட்டல் வேண்டும். லயக் காம்பரா தொழிலாளியின் உடைமையன்று. தோட்டக் காணியின் உரிமை அரசுக்குரியது. கம்பனிகள் அதனைக் குத்தகையாகக் கொண்டுள்ளன. ஆகவே நாலு தலைமுறை குடியிருந்த காம்பராவாயினும், அதனை மரணசாசனத்தில் எழுதி ஒருவருக்குக் கொடுத்தல் இயலாது. ஆனால் வெளிநாட்டிலே உழைத்த மகளின் பணத்தைக் கொண்டு அக்காம்பராவுக்கு முன்னே ஓர் அறையும் பின்னே ஒரு குசினியும் கட்டியிருக்கின்றார்கள். பணம் போட்டவள் மகள், குடியிருப்பவன் மகன், பத்திரம் ஒன்றுமில்லை. தாய் இறந்த முப்பத்தோராம் நாள் காரியம் முடிவதற்குள் அண்ணனும் தங்கையும் பேசாமற் போகின்றனர். இத்தகைய செலவுக்கு முன், ஆபிசில் எழுத்துமூலமாக அனுமதி பெறுதலும், செலவிட்டவர் யார் என்பதைக் குடும்பத்தார் கையொப்பமிட்டு எழுதி வைத்தலும் வேண்டும். அந்த எழுத்து, காணிக்கு உரிமை தராது. எனினும் உடன்பிறந்தார் நெஞ்சிலே ஐயம் எழாமற் காக்கும்.

காணித் துண்டு பெற்றவர்களின் நிலை வேறு. அண்மைக் காலத்திலே தனிவீட்டுத் திட்டங்களின்கீழ் 7 பேர்ச்சஸ் காணியும் வீடும் பெற்ற குடும்பங்கள் உள்ளன. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று நடைபெற்றது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி நோர்வூட்டிலே பேசிய இந்தியப் பிரதமர், மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தலைமுறைகளாகச் சொந்த நிலம் இல்லாதிருந்த மக்களுக்கு இது புதிய அனுபவம். புதிய அனுபவமாதலின் சில வினாக்களை உடனே கேட்டுக்கொள்ளவேண்டும். நம் கையில் இருப்பது முழு உறுதியா, அல்லது அனுமதிப் பத்திரமா? அதிலே எழுதப்பட்டிருப்பது கணவன் பெயரா, மனைவி பெயரா, இருவர் பெயருமா? விற்கவும் ஈடு வைக்கவும் எழுதிக் கொடுக்கவும் என்ன நிபந்தனைகள் விதிக்கப்பட்டுள்ளன? காணிப் பதிவகத்திலே அது பதியப்பட்டுள்ளதா? மூன்று பிள்ளைகளுக்கு ஏழு பேர்ச்சஸைச் சமமாகப் பிரித்தால் எவருக்கும் வீடு எஞ்சாது. எனவே ஒருவருக்கு வீடும் மற்றவர்களுக்கு நிதிப்பணமும் என்று முன்யோசனையோடு பகிர்ந்து எழுதுதல் அறிவுடைமை. அவ்வாறு பகிரும்போது, பிள்ளைகளை அழைத்து வைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுதல் அதனினும் சிறந்த அறிவுடைமை.

ஐந்தாவது இடம், கடலுக்கு அப்பால். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பகுத்தது. எஞ்சியிருந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தாய் இங்கே, மூத்த மகன் நீலகிரித் தேயிலைத் தோட்டத்திலே. தம்பி இங்கே, அக்காள் திருச்சிப் பக்கத்திலே. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றபின் முகம் பார்ப்பதும் அரிதாயிற்று. எனினும், உறவு கடல் கடந்தது என்பதனால் உரித்து அற்றுப்போவதில்லை. இங்கே இறந்தவரின் பிள்ளை அங்கிருப்பின் அவரும் பிள்ளையே. அவருடைய முகவரியோ பிறப்புச் சான்றோ இங்குள்ளோரிடம் இல்லாதபோது, அவருக்குரிய பங்கு கிடைக்காமற் போவதோடு, இங்குள்ளோரின் பங்கும் தடைப்பட்டு நிற்கலாம். ஆகவே இருகரையிலும் உள்ள உறவினரின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, இப்போதைய முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்பது முதியோரின் கடமை. தொலைபேசி வாய்த்த இக்காலத்திலே இது கடினமன்று. நினைவிலே வைத்திருக்கும் பாட்டி போனபின் எந்தத் தொலைபேசியாலும் அதனைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆறாவது இடம், கடன். சொத்தை எழுதுவோர் கடனை எழுத மறந்துவிடுகின்றனர். அடகுக்கடையிலே வைத்த தோட்டின் சீட்டு, சாமிப்படத்துக்குப் பின்னே செருகிக் கிடக்கின்றது. வைத்தவர் இறந்துவிட்டார், வீட்டார் அறியார், தவணை கடந்து நகை ஏலத்துக்குப் போகின்றது. ஆயிரக்கணக்கிற் கடன் கொடுத்தவரோ, துக்க வீட்டுக்கு வந்து, "உன் அப்பன் எனக்குத் தரவேண்டும்" என்கிறார். மகன் மிரண்டுபோய்த் தன் சம்பளத்தைக் கொடுக்கின்றான். இறந்தவரின் கடன், இறந்தவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்தே தீர்க்கப்படவேண்டும். பிள்ளை தான் பெற்ற முதுசொத்தின் அளவுக்கு மேலே தன் கைப்பொருளைக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. மானத்துக்காகக் கொடுப்பது வேறு. கொடுக்குமுன், கடன் உண்டா என்பதற்கு எழுத்தைக் கேட்கலாம். அதற்கு இறந்தவரே ஒரு கணக்கை எழுதி வைத்திருப்பாராயின் எவ்வளவு துணையாக இருக்கும்!

இறுதியாக ஒன்று. தாய்மாரைப் பற்றிச் சிறப்பாகச் சொல்லவேண்டும். கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்களே. ஆயினும் மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுவரும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. சம்பளத்தையே கையிலே வாங்காதவள், சேமலாப நிதி அறிக்கையை எங்கே கண்டிருப்பாள்? சட்டப்படி பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். பணம் கைக்கு வந்த வாரத்திலேயே மகனின் கடனுக்கும் பேத்தியின் சடங்குக்குமாக அது கரைந்துவிடுவதும் உண்டு. கொடுப்பது தாயின் இயல்பு. அதனைத் தடுக்க யாராலும் முடியாது. எனினும், எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தேன், எவ்வளவு எனக்கென்று வைத்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். முதுமையிலே மருந்துக்கும் சோற்றுக்கும் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மிகுதியை எழுதி வைப்பதே முறையான பகிர்வு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி.

நேயர்களே, இவற்றையெல்லாம் கேட்டபின், "சாவைப் பற்றி விளக்கு வைத்த நேரத்திலே பேசலாமா?" என்று சில பெரியவர்கள் மனம் வருந்தக்கூடும். விதைக்கும்போதே அறுவடையைப் பற்றிப் பேசுவது அபசகுனமாகுமா? கவ்வாத்து வெட்டுகின்றவர், அடுத்த துளிருக்காகவே வெட்டுகின்றார். பத்திரங்களைச் சீர்செய்வதும் அத்தகையதே.

செய்யவேண்டியன மிகப் பலவல்ல. வரும் போயா தினத்திலோ வேறொரு விடுமுறையிலோ, வீட்டிலுள்ள பத்திரங்களையெல்லாம் ஓரிடத்திலே சேருங்கள். பிறப்பு, விவாகம், இறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி இலக்கங்கள், வங்கிப் புத்தகம், காணி உறுதி, அடகுச் சீட்டு, மரணாதார சங்கப் புத்தகம் ஆகியவற்றை ஈரம் புகாத ஒரு தகரப் பெட்டியிலே இடுங்கள். மலைநாட்டின் மழைக்கும் லயத்தின் தீ விபத்துக்கும் அஞ்சி, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து, நம்பிக்கைக்குரிய உறவினரிடம் வேறொரு வீட்டிலே வையுங்கள். பள்ளியிலே படிக்கும் பிள்ளையை அழைத்து, பெட்டியில் உள்ளவற்றின் பட்டியலை எழுதச் சொல்லுங்கள். பெயர்கள் ஒவ்வாவிடின் கிராம அலுவலரையும் பதிவாளரையும் அணுகுங்கள். நிதி பற்றிய ஐயத்துக்குத் தொழில் அலுவலகம் உள்ளது. தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதியைக் கேட்டாலும் வழிகாட்டுவார். வீடோ காணியோ உடையவர்களும், குடும்பத்தில் முன்னே சொன்ன சிக்கல் உடையவர்களும் நொத்தாரிசு ஒருவரைக் காணுங்கள்.

பின்னர், பெட்டி எங்கே இருக்கின்றது என்பதை வீட்டிலே குறைந்தது இருவருக்குச் சொல்லுங்கள். எத்தனையோ குடும்பங்களிலே எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தும், எழுதியவர் ஒருவரே அதன் இடத்தை அறிந்திருந்த காரணத்தால், எழுதியது எழுதாததற்கு ஒப்பாயிற்று.

பனியிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்துக்கு ஈடாகச் சேர்ந்த பணம் அது. அரைப் பேர் போடப்பட்ட நாட்களிலும் அதிலே சில சதம் சேர்ந்திருக்கின்றது. அதனைப் பெறவேண்டிய பிள்ளை ஆபிசு வாசலிலே வெறுங்கையோடு நில்லாதிருப்பது, இன்று நாம் சரிபார்க்கும் ஓர் எழுத்திலே தங்கியிருக்கக்கூடும்.